பெரியப்பாவுக்கு ஏன் இரவில் எரிகிறது? எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

திங்கள், காலை 6:10

பெரியப்பா: எல்லோருக்கும் காலை வணக்கம். இரவெல்லாம் தூக்கம் இல்லை. படுத்துக் கொஞ்ச நேரத்தில் புளிப்பாக ஏதோ தொண்டை வரை ஏறி வந்தது. இருமி இருமி எழுந்து உட்கார்ந்துவிட்டேன். குரலும் கட்டிக்கொண்டது. இத்தனைக்கும் கேஸ் மாத்திரை போட்டுவிட்டுத்தான் படுத்தேன்.

சித்தி: அடடா. குளிர்ந்த பால் ஒரு டம்ளர் குடியுங்கள், எரிச்சல் அடங்கிவிடும்.

அத்தை: அண்ணா, தண்ணீரில் கொஞ்சம் சமையல் சோடா கலந்து குடித்துப் பாருங்கள். ஏப்பம் வந்து லேசாகிவிடும். நான் அப்படித்தான் செய்வேன்.

நான்: பெரியப்பா, இப்போதுதான் பார்த்தேன். முதலில் ஒன்று சொல்லுங்கள். எரிச்சல் மட்டும்தானா? நெஞ்சை யாரோ அழுத்துவது போல இருந்ததா? கை, தோள், தாடைப் பக்கம் வலி பரவியதா? வியர்த்ததா, மூச்சு வாங்கியதா?

பெரியப்பா: அதெல்லாம் இல்லையம்மா. மேல்வயிற்றிலிருந்து தொண்டை வரை எரிகிறது. குனிந்தால் அதிகமாகிறது, நிமிர்ந்து உட்கார்ந்தால் குறைகிறது.

நான்: சரி. கேட்பதற்கு எதுக்களிப்பு, அதாவது இரைப்பை அமிலம் மேலே ஏறி வருவது மாதிரிதான் இருக்கிறது. ஆனால் நான் இப்போது கேட்டவற்றில் ஏதாவது வந்தால் சோடாவும் வேண்டாம், பாலும் வேண்டாம். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இது எல்லோருக்கும்தான்.

மாமா: எனக்கும் இதே கேஸ் தொல்லைதான். போன வாரம் மாடி ஏறும்போது நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் நின்றேன், போய்விட்டது. வந்து ஆன்டாசிட் சிரப் குடித்தேன். நன்றாகக் கேட்டது.

நான்: மாமா, இதைக் கேட்டு எனக்குப் பதறுகிறது. சாப்பிட்ட பிறகோ படுத்த பிறகோ எரிவது வேறு. மாடி ஏறினால் வந்து, நின்றால் போவது வேறு. அதை கேஸ் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. இதயத் தசைக்கு ரத்தம் போதாதபோது இப்படித்தான் வரும்.

மாமா: ஆனால் சிரப் குடித்ததும் சரியானதே?

நான்: நீங்கள் நின்றதால் சரியாகியிருக்கலாம். சிரப் கேட்டது என்பதை வைத்து இதயம் நன்றாக இருக்கிறது என்று எந்த டாக்டரும் முடிவு செய்ய மாட்டார். உங்களுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலி இல்லாமலே வரலாம், வெறும் அசதியாகவோ குமட்டலாகவோ கூட. பெண்களுக்கும் அப்படி வருவதுண்டு. இன்றைக்கே போய் ஈசிஜி எடுத்துவிடுங்கள். மாடி ஏறினால் வருகிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள், அது ரொம்ப முக்கியம். போவதற்குள் மறுபடி வந்து, உட்கார்ந்தும் போகாவிட்டால் ஒரு நிமிடம் கூடக் காத்திருக்காதீர்கள்.

மாமா: இன்றைக்கு ஒரு வேலை இருக்கிறது. நாளைக்குப் பார்க்கலாமா?

அத்தை: வேலை கிடக்கட்டும். சட்டையை மாட்டுங்கள், நான் கிளம்பிவிட்டேன்.

திங்கள், பிற்பகல் 1:35

அத்தை: ஈசிஜி பார்த்தார்கள், பெரிதாக மாற்றம் இல்லையாம். ஆனாலும் மாடி ஏறும்போது வருகிறது என்று சொன்னதும் டாக்டர் அதைக் குறித்துக்கொண்டு இதய டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார். எக்கோ என்ற இதய ஸ்கேனும் இன்னொரு பரிசோதனையும் நாளைக்கு.

நான்: நல்ல வேலை செய்தீர்கள் அத்தை. ஓய்வில் எடுத்த ஈசிஜி சரியாக இருந்தாலும் விட்டுவிடக் கூடாது. அதுவரை மாமா மாடி ஏற வேண்டாம்.

பெரியப்பா: மச்சான், பார்த்துக்கொள்ளுங்கள். என்னால்தான் இந்தப் பேச்சே வந்தது, அதுவும் நல்லதுக்குத்தான்.

மாமா: சரி மச்சான். இப்போது உங்கள் எரிச்சலைக் கவனியுங்கள்.

அண்ணன்: கேட்கவே நினைத்தேன். மாத்திரை போட்டும் ஏன் பெரியப்பாவுக்குக் கேட்கவில்லை? அமிலம் அவ்வளவு அதிகமாகவா சுரக்கிறது?

நான்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் அண்ணா. எதுக்களிப்பு உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அமிலம் சாதாரண அளவில்தான் சுரக்கிறது. அது இருக்க வேண்டிய இடத்தை விட்டு மேலே வருவதுதான் பிரச்சினை. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் வளையமாக ஒரு தசை இருக்கிறது. சுருக்குப் பையின் வாய் மாதிரி. விழுங்கும்போது திறந்து, உடனே இறுக வேண்டும். சிலருக்கு விழுங்காதபோதும் அது அடிக்கடி தளர்ந்துவிடுகிறது. சிலருக்கு இரைப்பையின் மேல் பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையின் துளை வழியாக நெஞ்சுப் பக்கம் நழுவியிருக்கும், ஹையாட்டஸ் ஹெர்னியா என்பார்கள். அப்போது பிடிப்பு இன்னும் குறையும்.

சித்தி: அதே அமிலம் வயிற்றில் இருக்கும்போது ஏன் எரிவதில்லை?

நான்: இரைப்பைக்கு உள்ளே தடித்த சளிப்படலம் இருக்கிறது சித்தி. பிஎச் 1.5 முதல் 3.5 வரை உள்ள கடுமையான அமிலத்தையே அது தாங்கும், பிஎச் எண் குறையக் குறைய அமிலம் கடுமை. உணவுக்குழாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பகலில் கொஞ்சம் மேலே வந்தாலும் எச்சிலை விழுங்கி விழுங்கி நாமே அதைக் கழுவிவிடுகிறோம், எச்சிலுக்கு அமிலத்தை மட்டுப்படுத்தும் குணம் உண்டு. தூக்கத்தில் எச்சிலும் குறைவு, விழுங்குவதும் குறைவு. படுத்திருப்பதால் தானாகக் கீழே இறங்கவும் வழியில்லை. அதனால்தான் இரவு எதுக்களிப்பு அதிகம் புண்ணாக்குகிறது. பெரியப்பாவின் குரல் கட்டியதும் இருமலும் இதனால் இருக்கலாம். சிலருக்குப் பல் எனாமல் கூட அரித்துப்போகும்.

பெரியப்பா: சரி, மாத்திரை விஷயத்துக்கு வா.

நான்: என்ன மாத்திரை பெரியப்பா, எப்போது போடுகிறீர்கள்?

பெரியப்பா: பான்டோப்ரசோல் 40. இரவு சாப்பிட்டு முடித்துப் படுக்கப் போகும்போது.

நான்: அங்கேதான் சிக்கல். இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் பம்புகள் இருக்கின்றன. நாம் சாப்பிடத் தொடங்கும்போதுதான் அவை நிறைய வேலைக்கு வருகின்றன. இந்த மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கும் பம்பைத்தான் அடைக்கும். அதனால் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு போட வேண்டும். பெரும்பாலும் காலை உணவுக்கு முன். சாப்பிட்ட பிறகு போட்டால் பாதிப் பலன் வீண். எங்கள் மருந்தகக் கவுன்டரில் தினமும் இதைச் சொல்கிறேன், இருந்தும் முக்கால்வாசிப் பேர் எரியும்போது ஒன்று போடுகிற மாத்திரையாகத்தான் இதை வைத்திருக்கிறார்கள்.

அண்ணன்: எரியும்போது போட வேண்டியது எது?

நான்: அதற்கு ஆன்டாசிட் இருக்கிறது, சில நிமிடங்களில் கேட்கும். ஆல்ஜினேட் கலந்த சிரப் இன்னும் நல்லது, அது இரைப்பையில் உள்ளவற்றின் மேல் நுரைப்படலம் மாதிரி மிதந்து மேலே வருவதைத் தடுக்கும். அதனால் அதைச் சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும் முன்பும் குடிக்க வேண்டும்.

அத்தை: எங்கள் வீட்டு டப்பாவில் ரானிடிடின் பழைய பட்டை ஒன்று இருக்கிறது.

நான்: அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் அத்தை. அது அமிலத்தைக் குறைக்கும் பழைய மாத்திரை. அதில் புற்றுநோய் வரவைக்கலாம் என்று கருதப்படும் என்டிஎம்ஏ என்ற வேதிப்பொருள் நாளாக ஆக, சூடுபட ஆக அதிகமாகிறது என்று தெரிந்து, 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னது. அதே வகையில் ஃபாமோடிடின் இருக்கிறது, வேண்டுமானால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளலாம். அப்புறம் அந்தச் சமையல் சோடா. அதில் சோடியம் அதிகம். பெரியப்பாவுக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, அவருக்கு வேண்டவே வேண்டாம். உங்களுக்கும் அதைப் பழக்கமாக்க வேண்டாம்.

சித்தி: பால்?

நான்: குடித்தவுடன் இதமாக இருக்கும், அது உண்மைதான். கொஞ்ச நேரத்தில் பாலில் உள்ள புரதமும் கால்சியமும் அமிலத்தைச் சுரக்க வைக்கும், கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதமாக்கும். படுக்கும் நேரத்தில் ஒரு டம்ளர் பால் என்பது வயிற்றை நிரப்பிக்கொண்டு படுப்பதுதான்.

செவ்வாய், இரவு 9:20

தங்கை: அக்கா, நேற்று எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு ஏழாவது மாதத்திலிருந்து தினமும் இந்த எரிச்சல். எதைச் சாப்பிட்டாலும் எரிகிறது. இப்படி எரிந்தால் குழந்தைக்கு முடி அதிகம் என்கிறார்கள்.

நான்: பயப்படாதே. கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்ட்டரோன் என்ற ஹார்மோன் அந்த வளையத் தசையைத் தளர்த்துகிறது. கருப்பை வளர வளர இரைப்பையைக் கீழிருந்து தள்ளுகிறது. பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தானாகவே சரியாகிவிடும். வயிறு முட்டச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடு. சாப்பிட்டதும் சாயாதே. ஆல்ஜினேட் சிரப்பைக் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பார்கள், ஆனாலும் உன் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடி. சிரப்பையும் இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்துப் போடாதே, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு. இல்லாவிட்டால் இரும்பு உடம்பில் சேராது. ஆனால் கடுமையான தலைவலி, கண் மங்கல், விலாவுக்குக் கீழே வலது பக்கம் வலி என்று எது வந்தாலும் எரிச்சல்தான் என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போ. அது ரத்த அழுத்தம் ஏறியதாக இருக்கலாம்.

தங்கை: சரி அக்கா. எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது?

நான்: இடது பக்கம். கர்ப்பத்துக்கும் அது நல்லது, எதுக்களிப்புக்கும் நல்லது. இடது பக்கம் படுக்கும்போது உணவுக்குழாய் சேரும் இடம் அமிலத்துக்கு மேலே இருக்கும். வலது பக்கம் படுத்தால் அமிலம் நேராக அந்த வாயிலில் வந்து நிற்கும். பெரியப்பா, உங்களுக்கும்தான்.

பெரியப்பா: நான் மூன்று தலையணை வைத்துப் பார்த்தேன். கழுத்துதான் வலித்தது.

நான்: தலையணை அடுக்கினால் இடுப்பு மடிந்து வயிற்றை அழுத்தும், எதுக்களிப்பு கூடத்தான் செய்யும். தலையை மட்டும் தூக்கிப் பயன் இல்லை, இடுப்புக்கு மேலே முழு உடம்பும் சரிவாக இருக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கனமான மரக்கட்டை வையுங்கள். அசையாமல் இருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சரிவான ஃபோம் மெத்தை கிடைக்கும்.

அண்ணன்: கட்டை நான் வாங்கி வருகிறேன் பெரியப்பா. ஆனால் எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து சாப்பிட்டவுடன் படுத்துவிடுகிறேன். எழுந்ததும் நாக்கெல்லாம் கசப்பு. காபியை விட்டுவிட வேண்டுமா?

நான்: முதலில் நேரத்தைச் சரி செய் அண்ணா. சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படு. ஷிஃப்ட் நடுவிலேயே முக்கிய உணவை முடித்துவிட்டு, வந்து லேசாக ஏதாவது சாப்பிடலாம். இடுப்பை இறுக்கும் பெல்ட்டைத் தளர்த்து. சிகரெட்டை விட்டே ஆக வேண்டும், அது தசையையும் தளர்த்தும், எச்சிலையும் குறைக்கும். காபி, தக்காளி, புளிப்புப் பழம், சாக்லேட், புதினா, பொரித்தது, காரம் என்று நீளமான பட்டியல் போட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒருவருக்கு எரிவது இன்னொருவருக்கு எரிவதில்லை. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுது. சாப்பிட்டது, நேரம், எரிந்ததா என்று மூன்று விஷயம் போதும். உனக்கு எது ஆகவில்லையோ அதை மட்டும் விடு. வயிற்றுச் சதை கொஞ்சம் குறைந்தால் அதைவிடப் பெரிய மருந்தே இல்லை.

சித்தி: ஒரு ஃபார்வர்ட் வந்திருக்கிறது. அசிடிட்டிக்கு ஒரு கிருமிதான் காரணம், அதைக் கொன்றால் எல்லாம் சரியாகும் என்று போட்டிருக்கிறார்கள். உண்மையா?

நான்: பாதி உண்மை சித்தி. அது ஹெலிகோபேக்டர் பைலோரி. 1982இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அதைக் கண்டுபிடித்தார்கள். யாரும் நம்பவில்லை என்று மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர்கள் நிரூபித்தது இரைப்பை அழற்சி, குடல் புண் இவற்றுக்கான காரணத்தை. எதுக்களிப்புக்கு அது காரணம் இல்லை. இரண்டையும் நாம் அசிடிட்டி என்று ஒரே பெயரில் சொல்வதால் மருந்தும் குழம்பிப்போகிறது.

அத்தை: இவருக்கு இன்று எடுத்த பரிசோதனையில் ஒரு ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம் என்றார்கள். நாளை மறுநாள் ஆஞ்சியோ, இதய ரத்தக் குழாய்க்குள் மருந்து செலுத்திப் படம் எடுப்பார்களாம். மருந்து தொடங்கிவிட்டார்கள்.

நான்: தைரியமாக இருங்கள் அத்தை. நேரத்தில் தெரிந்தது பெரிய விஷயம். ஆஞ்சியோ அன்று நான் லீவு போட்டு வந்துவிடுகிறேன்.

மாமா: வா அம்மா. எனக்கும் தெம்பாக இருக்கும்.

புதன், காலை 7:05

பெரியம்மா: நான் இந்தக் குழுவில் அதிகம் எழுதுவதில்லை. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இவர் சாப்பிடும்போது ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிறார். முன்பெல்லாம் இப்படி இல்லை. கெட்டியாக எது வைத்தாலும் ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, குழைவாக இருப்பதை மட்டும் சாப்பிடுகிறார். கேட்டால் பசியில்லை என்கிறார். பேன்ட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது.

அண்ணன்: எடை குறைந்தால் நல்லது என்றுதானே பேசிக்கொண்டிருந்தோம்?

நான்: நாமாகக் குறைத்தால் நல்லது அண்ணா. தானாகக் குறைந்தால் ஏன் என்று பார்க்க வேண்டும். பெரியம்மா, நீங்கள் சொன்னது ரொம்ப நல்லது. பெரியப்பா, விழுங்கும்போது நெஞ்சில் நின்றுவிட்டு இறங்குகிறதா?

பெரியப்பா: சில நேரம். பெரிதுபடுத்த வேண்டாம் என்று இருந்தேன்.

நான்: எத்தனை நாளாக?

பெரியப்பா: ஆறேழு மாதம் இருக்கும்.

நான்: பெரியப்பா, இதற்கு மேல் கட்டில் கட்டையும் மாத்திரை நேரமும் மட்டும் போதாது. உணவு தடைப்படுவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தமாகவோ காபித்தூள் மாதிரியோ வாந்தி, தார் போலக் கறுத்த மலம், ரத்தசோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது, செய்தே ஆக வேண்டும். உங்களுக்கு இரண்டு இருக்கிறது, வயதும் 60 தாண்டிவிட்டது. அமிலம் பட்டுப் பட்டுத் தழும்பாகிக் குழாய் சுருங்கியிருக்கலாம். உள்படலம் மாறிப்போயிருக்கலாம். வேறு எதுவாக இருந்தாலும் சீக்கிரம் பார்த்தால்தான் செய்ய முடிவது அதிகம். மலம் கறுப்பாகப் போகிறதா?

பெரியப்பா: இல்லை.

நான்: மூட்டு வலிக்கு என்ன போடுகிறீர்கள்?

பெரியம்மா: ஐபுப்ரோஃபென். தினமும் இரண்டு.

நான்: அதை இப்போதே நிறுத்துங்கள். இரைப்பையையும் உணவுக்குழாயையும் அது புண்ணாக்கும். வலிக்குப் பாராசிட்டமால் ஒத்துவருமா என்று டாக்டரைக் கேட்கலாம். பி.பி.க்கு அம்லோடிபின் போடுகிறீர்கள் இல்லையா? அதுவும் அந்தத் தசையைக் கொஞ்சம் தளர்த்தும். ஆனால் அதை நீங்களாக நிறுத்தவே கூடாது, டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவதா என்று அவர் முடிவு செய்வார். எல்லா மாத்திரைப் பட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

பெரியப்பா: எண்டோஸ்கோபி என்றால் வலிக்குமா? அதை நினைத்துத்தான் தள்ளிப்போட்டேன்.

நான்: தொண்டை மரக்க ஸ்ப்ரே அடிப்பார்கள், கேட்டால் மயக்க ஊசியும் போடுவார்கள். குமட்டும், ஆனால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மயக்க ஊசி போட்டால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. அண்ணன் கூட வரட்டும்.

அண்ணன்: வருகிறேன். அப்பாயின்ட்மென்ட்டும் நானே வாங்கிவிடுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து, வெள்ளி, மாலை 5:40

அண்ணன்: எண்டோஸ்கோபியில் எடுத்த சதைத் துணுக்கின் பயாப்சி முடிவு வந்துவிட்டது. புற்றுநோய் இல்லை. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் அமிலப் புண், தழும்பு, அதனால் சுருக்கம். அன்றைக்கே பலூன் வைத்து விரித்துவிட்டார்கள். ஹையாட்டஸ் ஹெர்னியாவும் சிறிதாக இருக்கிறதாம்.

சித்தி: கடவுளே, நிம்மதி.

மாமா: மச்சான், எனக்கு ஸ்டென்ட், உங்களுக்கு பலூன். இரண்டு பேரும் நடக்கப் போகலாம், மெதுவாக.

நான்: படித்ததும் கண் கலங்கிவிட்டது. பெரியம்மா, நீங்கள் அன்று எழுதியிருக்காவிட்டால் இன்னும் எத்தனை மாதம் போயிருக்குமோ.

பெரியம்மா: இப்போது தண்ணீர் இல்லாமல் விழுங்குகிறார்.

பெரியப்பா: டாக்டர் மாத்திரையைக் காலையும் மாலையும் 8 வாரம் எழுதியிருக்கிறார். சரியானதும் நிறுத்திவிடலாம்தானே? ரொம்ப நாள் போட்டால் எலும்பு தேயும் என்கிறார்களே.

நான்: நீங்களாக நிறுத்த வேண்டாம். திடீரென்று விட்டால் அமிலம் சில வாரம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும், நோய் திரும்பிவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள். ரொம்ப காலம் போடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12, மெக்னீசியம் குறையலாம், எலும்பு முறியும் வாய்ப்பு சற்றுக் கூடலாம். அதனால் காரணமில்லாமல் வருடக்கணக்கில் போடக் கூடாது என்பது சரி. உங்களுக்குக் காரணம் இருக்கிறது. சுருக்கம் திரும்ப வராமல் இருக்க இதுதான் துணை. எவ்வளவு நாள், எந்த அளவு என்பதை மறு பரிசோதனையில் டாக்டர் சொல்வார். அப்போது பி12 பார்க்கலாமா என்று கேளுங்கள்.

பெரியப்பா: அப்படியானால் காலை 6:30க்கு மாத்திரை, 7:15க்குச் சாப்பாடு. மாலை 6க்கு மாத்திரை, 6:45க்குச் சாப்பாடு. 10 மணிக்குப் படுக்கை. சரியா?

நான்: சரி பெரியப்பா. மறு பரிசோதனைத் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். அதற்குள் விழுங்குவது மறுபடி தடைப்பட்டால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே கூப்பிடுங்கள்.

பெரியம்மா: குறித்துவிட்டேன். காலை மாத்திரையை நானே எடுத்துக் கொடுக்கிறேன்.